முன்னதற்கும் முன்னது



தமிழ் விரிவுரையாளர் ஆங்கில இலக்கணம் பேசுவதேன் என நீங்கள் எண்ணக்கூடும். நம் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் ஆர்வம் நம்மிடையே உண்டு. அம்முயற்சியில் நானே இழைத்த பிழையொன்று இவ்வுரைக்குக் காரணம்.

கவிதை ஒன்றில் பாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தாள். அதனை நான் 'ஹேட் சாட்' எனப் பெயர்த்தேன். படித்த ஆங்கில ஆசிரியர், "அதற்குள் பாட்டி எழுந்து போய்விட்டாளா?" என்று வினவினார். நான் எழுதியிருக்க வேண்டியது 'வாஸ் சிட்டிங்'. என் துணைவினை பாட்டியைத் திண்ணையிலிருந்து எழுப்பிவிட்டது!

இறந்தகால நிகழ்ச்சி ஒன்றற்கு முன்னரே நிகழ்ந்ததைக் குறிப்பது 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்னும் ஆங்கில வினைவடிவம். 'ஹேட்' என்னும் துணைவினையை அடுத்து, முதன்மை வினையின் மூன்றாம் வடிவம் வரும். 'கோ, வென்ட், கான்' என்பவற்றுள் 'ஹேட் கான்' என்பதே வழாநிலை. 'ஹேட் வென்ட்' வழுவாகும். நம் வினைமுற்றைப்போல் இது பால், எண், இடம் நோக்கி மாறுவதில்லை.

'நான் நிலையத்தை அடைந்தபோது வண்டி புறப்பட்டது' எனின், ஓடியேனும் ஏறியிருக்கலாம். 'புறப்பட்டிருந்தது' எனின், வெறுந் தண்டவாளமே எஞ்சும். முன்னதை ஆங்கிலம் 'லெஃப்ட்' என்னும். பின்னதை 'ஹேட் லெஃப்ட்' என்னும். இங்கே இருமொழியும் ஒத்து நடக்கின்றன.

இவ்வொற்றுமையே நம்மை ஏமாற்றுவதும் ஆகும். 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது தமிழில் நிறைவான தொடர். அதனை 'ஹேட் கான்' எனப் பெயர்த்தால், ஆங்கிலச் செவி 'எதற்கு முன்னர்?' எனக் காத்திருக்கும். ஒப்பிட மற்றோர் இறந்தகாலம் இல்லையெனில், அங்கு 'வென்ட்' என்பதே அமையும். நம் 'இரு' என்னும் துணைவினை வினையால் விளைந்த நிலையையும் சுட்டும். 'ஹேட்' முந்திய காலத்தையே சுட்டும்.

மறுதலைப் பிழையும் உண்டு. ஆங்கிலக் கதையைத் தமிழாக்குவோர் 'ஹேட்' வருமிடந்தோறும் 'இருந்தான், இருந்தாள்' என அடுக்குகின்றனர். 'கதவைத் திறந்து, விளக்கேற்றி, அமர்ந்தாள்' என வினையெச்சங்களே முன்பின் முறையைத் தாங்கும் மொழி நம்முடையது. எல்லாவிடத்தும் 'இருந்தது' வேண்டுவதில்லை.

கவிஞர்க்கு உகந்த பயன் ஒன்றும் இவ்வடிவத்திற்கு உண்டு. 'நீ வருவாய் என நம்பியிருந்தேன்' என்னும்போது, வாராமையைச் சொல்லாமலே சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேட் ஹோப்ட்' என்பதும் பெரும்பாலும் அவ்வேமாற்றத்தையே உணர்த்தும். 'அறிந்திருந்தால் வந்திருப்பேன்' என நிகழாததற்கு வருந்தும்போதும், ஆங்கிலம் 'இஃப்' என்பதோடு இதே வடிவத்தையே நாடுகிறது.

ஆகவே, மொழிபெயர்க்கும் நண்பர்கள் 'ஹேட்' என எழுதுமுன் 'எதற்கு முன்னர்?' என ஒருமுறை வினவிக்கொள்ள வேண்டுகிறேன். விடை கவிதையுள் இருப்பின் எழுதுங்கள். இல்லையேல், பாட்டி திண்ணையிலேயே இருக்கட்டும்.