கிழங்கும் களிமண்ணும்: ந்ரி ஊரின் பிறப்புக் கதை

நைஜீரியாவின் தென்கிழக்கே, அனாம்பிரா மாநிலத்தில், இக்போ மக்கள் வாழும் ந்ரி என்னும் ஊர் இருக்கிறது. இந்த ஊரின் ஆதி மூதாதை பெயர் எரி. வானத்திலிருந்து இறங்கியவர் என்பது ஊர் வழக்கு.

இக்போ மக்களின் பரம்பொருள் சுக்வு. அவர் எரியையும் அவர் மனைவியையும் அனாம்பிரா ஆற்றோரம், இன்றைய அகுலேரிப் பக்கம் இறக்கிவிட்டாராம். பார்த்தால் பூமியெங்கும் சேறு. கறையான் புற்று ஒன்றின் மேல் ஏறி நின்று எரி முறையிட்டார். உடனே சுக்வு, ஆக்கா ஊர்க் கொல்லன் ஒருவனை அனுப்பினார். அவன் துருத்தியும் கரியும் நெருப்புமாக வந்து, ஊதி ஊதி நிலத்தை உலர்த்தினான்.

எரி அப்போதுதான் இறங்குகிறார், அதற்குள் கொல்லன் எங்கிருந்து வந்தான்? மண்ணில் முன்பே ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் கதை மறைக்கவில்லை. ந்ரியிலேயே அடாமா என்றொரு பிரிவினர் உண்டு. அவர்கள் எரியின் வழியினர் அல்லர், அதற்கும் முந்திய குடிகள். புது மன்னருக்கு முடிசூட்டும்போது அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது.

எரி இருந்தவரை உணவு வானத்திலிருந்து வந்தது. அவர் இறந்ததும் நின்றுபோனது. ஊருக்குப் பெயர் தந்த மகன் ந்ரி பசியோடு சுக்வுவிடம் போனார். கிடைத்த பதில் கொடுமையானது: மூத்த மகனையும் மூத்த மகளையும் வெட்டிப் புதை. புதைத்தார். இக்போ வாரத்துக்கு நான்கே நாள். அப்படி மூன்று வாரம் கழித்து மகனின் குழியில் பெருவள்ளிக் கிழங்கும், மகளின் குழியில் சேப்பங்கிழங்கும் முளைத்தன. ஓர் அடிமை ஆணும் பெண்ணும் அதே விதமாகப் புதைக்கப்பட, எண்ணெய்ப்பனையும் ஈரப்பலாவும் வந்தன. அந்த அடிமைகளுக்குக் கதையில் பெயர்கூட இல்லை.

பிறகு சுக்வு, இந்தக் கிழங்கை எல்லோருக்கும் கொடு என்றார். பெற்ற பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிய பண்டம், சும்மா கொடுப்பதா என்றார் ந்ரி. பேரம் படிந்தது. எந்த ஊரில் மண்ணுக்குத் தீட்டு நேர்ந்தாலும் அதைக் கழிக்கும் உரிமை, விளைச்சலுக்கு மருந்து செய்யும் உரிமை, பட்டங்கள் வழங்கும் உரிமை எல்லாம் ந்ரிக்கு என்றாயிற்று.

கதையின் உயிர் இந்தப் பேரத்தில் இருக்கிறது என்பேன். ந்ரி மன்னருக்குப் படை கிடையாது. ஆனாலும் அவருடைய பூசகர்கள், முகத்தில் இச்சி என்னும் கீறல் தழும்போடும் கையில் கோலோடும், இக்போ நாட்டின் பெரும்பகுதியில் தடையின்றிப் போய்வந்தார்கள். ஒருவர் வீட்டில் கிழங்கு வேகும்வரை அவர் ந்ரிக்குக் கடன்பட்டவர். வாளை விட நீண்ட கை அது!

ந்ரிக்குத் தெற்கே இக்போ-உக்வு என்ற ஊரில், 1938-39 வாக்கில், ஒருவர் தம் வீட்டு வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பள்ளம் தோண்டியபோது வெண்கலப் பொருள்கள் அகப்பட்டன. தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா 1959-60லும் 1964லும் முறையாக அகழ்ந்தார். காலக்கணிப்பு 9ஆம் நூற்றாண்டைக் காட்டியது. நுணுக்கமான வார்ப்பு வேலைகளும் லட்சத்துக்கு மேற்பட்ட மணிகளும் கிடைத்தன. தழும்பிட்ட மனித முகமும் அவற்றில் உண்டு. ந்ரி மரபோடு இதற்கு உறவுண்டு என ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

1911இல் பிரிட்டிஷார் அன்றைய மன்னரைத் தம் சடங்கு அதிகாரத்தைக் கைவிடச் செய்தார்கள். அதிகாரம் போயிற்று, கதை வளர்ந்துகொண்டே இருந்தது. விவிலியத்தின் ஆதியாகமத்தில் காத் என்பவரின் மகன்களில் ஒருவருக்கு எரி என்று பெயர். அவரே இவர், நாங்கள் இஸ்ரவேல் வழியினர் என்று இன்று சொல்வோர் பலர். வேத புத்தகம் கையில் வந்தபின் வேர்விட்ட கிளை இது என்றே எனக்குத் தோன்றுகிறது. வானத்திலிருந்து இறங்கியவருக்கு இன்னொரு தகப்பன் எதற்கு?

அகுலேரிக்கும் ந்ரிக்கும் மூப்பு யாருக்கு என்ற வழக்கும் ஓயவில்லை. மூத்த மகன் வழி நாங்களே என்பது அகுலேரியின் பேச்சு. ந்ரி ஒப்புவதில்லை. ஆனால் மரபுப்படி, ந்ரியின் புது மன்னர் அரியணை ஏறுமுன் அகுலேரிக்குப் போக வேண்டும். அங்கே ஆற்றில் மூழ்கி அடிக் களிமண் எடுத்துத் தருவார்கள். அவருடைய வழிபாட்டுப் பானைக்கு அந்த மண்தான் வேண்டும். ந்ரியின் மண் ஆகாது.