வானம் வரையும் கோடுகள்



பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் எழுகிறவர்கள். பெரட்டுக்குப் புறப்படும்போது, மழை வருமா என்று பார்ப்பதற்காவது வானத்தை அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டும். என் தந்தையாரும் அப்படிப் பார்த்தவர்தாம். வீட்டுக் கடிகாரம் பழுதாகிக் கிடந்த நாட்களில், தலைக்கு மேலே இருந்த நட்சத்திரம் எந்த மரத்தின் உச்சிக்கு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, "நேரமாகிவிட்டது" என்று அம்மாவை எழுப்புவார்.

"நட்சத்திரம் நடக்கிறது" என்பார் அவர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான், "நட்சத்திரம் நடக்கவில்லை அப்பா, பூமிதான் சுற்றுகிறது" என்பேன். "நீ பார்த்தாயா?" என்று திருப்பிக் கேட்பார். நான் பார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போன பிறகு, எழுபதுகளின் இறுதியில், நண்பர் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கினேன்.

பகலில் படம் எடுக்கும்போது கேமராவின் ஷட்டர் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகவே திறந்து மூடும். நட்சத்திரத்தின் மங்கிய ஒளிக்கு அது போதாது. ஆகவே ஷட்டரைத் திறந்தபடியே நெடுநேரம் விட்டுவைக்க வேண்டும். அதற்கென்று கேமராவில் 'பி' என்ற குறி உண்டு. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, கேபிள் ரிலீசை அழுத்திப் பூட்டிவிட்டால், ஒளி பிலிமில் விழுந்துகொண்டே இருக்கும். அதற்குள் நட்சத்திரம் இடம் மாறிவிடுவதால், படத்தில் அது புள்ளியாக இல்லாமல் கோடாகப் பதியும்.

எவ்வளவு தூரம் மாறும்? ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. கையை நீட்டி மடக்கிப் பிடித்தால், ஒன்றரை முஷ்டி அகலம். முழுநிலாக்கள் முப்பதை வரிசையாக அடுக்கினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு.

என் முதல் முயற்சி வீணாயிற்று. லயத்தில் பத்து மணிக்கு விளக்கு அணைந்த பிறகு ஒரு மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால் வெறும் மூட்டம். லென்ஸில் பனி படிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை, கெட்டி அட்டையைக் குழல்போலச் சுருட்டி லென்ஸைச் சுற்றிக் கட்டினேன். மழை ஓய்ந்த ஒரு ஜனவரி மாதம், பனி இறங்குமுன், விளக்கு வெளிச்சம் எட்டாத திடலில் கிழக்கு நோக்கிக் கேமராவை வைத்தேன். இம்முறை படம் விழுந்தது.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இத்தகைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். துருவ நட்சத்திரத்தை நடுவில் வைத்து வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், இங்கே அந்த நட்சத்திரம் வடக்கே அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. மரங்களும் மலைகளும் அதை மறைத்துவிடும். ஆகவே நமக்குக் கிடைக்கும் படம் வேறு. நடுவில் உள்ள கோடுகள் நேராக மேலே எழும்பும். இடப்பக்கக் கோடுகள் வடக்கு நோக்கி வளையும். வலப்பக்கக் கோடுகள் தெற்கு நோக்கி வளையும். செம்பனை மட்டைகள் இருபுறமும் சாய்ந்திருப்பதுபோல இருக்கும். நேராக எழும்பியவற்றுள், மலாய்க்காரர்கள் பெலாந்திக் என்று கூறும் கூட்டத்தின் நடுவிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் இருந்தன. திருவாதிரையின் கோடு சிவந்திருந்தது.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "சரி, எல்லாம் சேர்ந்துதான் போகின்றன. ஆனால் வானமே சுற்றினாலும் படம் இப்படித்தானே இருக்கும்?" என்றார்.

நேயர்களே, அவர் கேட்டது சரியான கேள்வி. ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கிப் போவதுபோலத் தோன்றும். நட்சத்திரங்களும் அப்படியே என்று ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால் படகா, கரையா, நகர்வது எது என்பதைப் படம் மட்டும் சொல்லாது. ஒன்றை எண்ணிப் பாருங்கள். சிரியஸ் நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்தடைய எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. திருவாதிரையின் ஒளிக்குப் பல நூறு ஆண்டுகள். இவ்வளவு வெவ்வேறு தூரத்தில் உள்ளவை எல்லாம் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்து நம்மைச் சுற்றிவருகின்றன என்பதைவிட, நாம் சுற்றுகிறோம் என்பதே பொருந்துகிறது. 1851-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஃபூக்கோ என்ற அறிஞர் நீண்ட ஊசல் ஒன்றை ஆடவிட்டு, அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதைக் காட்டினார். வானத்தைப் பார்க்காமலேயே பூமியின் சுழற்சியை அறியச் செய்த சோதனை அது. நம் லயமும் திடலும் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டே, "அப்படியானால், நான் இத்தனை காலம் பூமியைப் பார்த்துத்தான் மணி சொல்லியிருக்கிறேன்" என்றார்.

இன்று பிலிம் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிஜிட்டல் கேமராவில் 30 வினாடிப் படங்களை இடைவெளி விடாமல் 120 எடுத்துக் கணினியில் ஒன்றாக இணைத்தால், ஒரு மணி நேரக் கோடு கிடைக்கும். இடையில் தாமதித்தால் கோடு அறுந்து அறுந்து தெரியும். நிலா இல்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். பாம்பு, பூச்சி உண்டு. கால்களை மூடும் சப்பாத்து அணிந்து, பெரியவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும்.

கேமரா இல்லாத வீட்டாரும் வருந்த வேண்டாம். வாசலில் ஓரிடத்தில் நின்று, ஒரு நட்சத்திரத்தை மர உச்சியோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெருவிளக்குகள் மறைத்துவிட்ட வானம், இருள் மிஞ்சியுள்ள தோட்டங்களில் இன்னும் தெரிகிறது. அது இருக்கும்போதே உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "நீ பார்த்தாயா?" என்று யாராவது கேட்டால், "பார்த்தேன்" என்று அவர்கள் சொல்லட்டும்.