பங்குச் சந்தையும் உழைப்பாளியும்



அம்பர்நாத்திலிருந்து காலை மின்ரயிலில் ஏறி மும்பைக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்வோர், நாள்தோறும் ஒருவழிப் பயணத்திற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தை வண்டியில் கழிக்கின்றனர். முன்பெல்லாம் அந்நேரம் செய்தித்தாளிலும் சீட்டாட்டத்திலும் பஜனையிலும் கழிந்தது. பஜனை இன்றும் உண்டு. ஆனால் இன்று பலருடைய கண்கள் கைபேசியில் ஏறி இறங்கும் பச்சை, சிவப்புக் கோடுகளின் மேல் பதிந்திருக்கின்றன. தலால் வீதியிலுள்ள பங்குச் சந்தைக் கட்டடத்தின் படியை ஒருமுறையேனும் மிதித்திராதவர்களும் அச்சந்தையில் வாங்குகின்றனர், விற்கின்றனர்.

இச்சந்தை, உழைத்துப் பிழைக்கும் சாமானிய மக்களுக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் நம் அண்டை வீட்டுப் பெரியவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே வந்து, இங்குள்ள பட்டறையொன்றில் லேத்தின் முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையாக வந்த தொகையில் மகளின் திருமணத்திற்கென ஐந்து லட்சம் ரூபாயை ஒதுக்கி, மகனின் வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். மகன் கைபேசி வழியே 'ஆப்ஷன்' வணிகத்தில் இறங்கினான். நாற்பது நாட்களுக்குள் அத்தொகையில் நான்கு லட்சம் கரைந்துபோயிற்று.

ஒருநாள் மாலை, ஊரின் பழைய சிவாலயத்தருகே அமர்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "தம்பி, நீங்கள் படித்தவர்கள், சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்க்கிறவர்கள். இது சூதாட்டந்தானே? தெருவில் காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் பிடிக்கிறது. இதை மட்டும் ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள்?"

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. 'ஆம்' என்றால் அது பாதி உண்மை. 'இல்லை அண்ணாச்சி' என்றால் அதுவும் பாதி உண்மை. இரு பாதிகளையும் எண்ணிப் பார்த்தபின் அவரிடம் கூறியவற்றையே இங்கு உங்களிடமும் கூற விரும்புகிறோம்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் காண்போம். பம்பாயில் 1850-களில் தரகர்கள் சிலர் நகர மண்டபத்தின் முன் ஓர் ஆலமரத்தடியில் கூடிப் பங்குகளை வாங்கி விற்றனர். 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை வானளாவ ஏறிப் பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதாகக் கூறிக் கம்பெனிகள் பல தோன்றின. அவற்றுள் ஒன்றான பேக் பே கம்பெனியில் 5,000 ரூபாய் செலுத்தப்பட்ட பங்கு, ஏறத்தாழ 50,000 ரூபாய் வரை விலை போயிற்று. கையில் பணமின்றியே, இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கிக் கொள்கிறேன் என்று பலர் ஒப்பந்தம் செய்துகொண்டனர்.

1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. ஒப்பந்தங்களைத் தீர்க்க வேண்டிய 1865 ஜூலை முதல் நாளன்று, வாங்குவதாகச் சொன்னவர்களிடம் கொடுக்கப் பணமில்லை. செல்வர்கள் திவாலாயினர். சந்தையின் முடிசூடா மன்னராக விளங்கிய பிரேம்சந்த் ராய்சந்தும் வீழ்ந்தார். நல்ல நாளில் அவர் வழங்கிய நன்கொடையால் எழுந்த ராஜாபாய் கோபுரம் மட்டும் பல்கலைக்கழக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. பம்பாய் வங்கியும் பின்னர் மூடப்பட்டது. தரகர்கள் முறையான சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டது அதன் பிறகு, 1875-இல்தான்.

அண்ணாச்சியின் மகன் செய்த வணிகம் அந்த ஒப்பந்தங்களின் வழித்தோன்றலே ஆகும். இங்கே எவரும் ஒரு தொழிலில் பங்கு கொள்வதில்லை. விலை ஏறும் என்று ஒருவர் கருதுகிறார். ஏறாது என்று மற்றொருவர் கருதுகிறார். ஒருவரது இலாபம் மற்றவரது நஷ்டம். இருவரிடமிருந்தும் தரகும் வரியும் கழிகின்றன. சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் சிந்தனைக்குரியது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இத்தகைய வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களுள் 93 விழுக்காட்டினர் நஷ்டமே அடைந்தனர். மொத்த நஷ்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். எதிர்ப்புறத்தில் இலாபம் கண்ட பெருநிறுவனங்களோ பெரும்பாலும் கணினி நிரல்களைக் கொண்டே வாங்கி விற்றன. தனிநபர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர், தம் ஆண்டு வருமானம் ஐந்து லட்சம் ரூபாய்க்கும் குறைவு என்று தெரிவித்திருந்தவர்கள். ரயிலில் நின்றுகொண்டே கைபேசியை அழுத்தும் இளைஞன், தன் எதிரில் அமர்ந்து ஆடுவது யார் என்பதை அறியான். சூதுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதிலும் இத்தகைய எதிராளியை அவர் எண்ணியிருக்க மாட்டார்.

இனி மறுபாதியைக் காண்போம். அதற்குத் தூத்துக்குடிக்குச் செல்ல வேண்டும். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கொழும்புக் கடல்வழியைத் தன் கையில் வைத்திருந்த ஆங்கிலக் கம்பெனியைத் தனியொருவர் எதிர்த்து நிற்க முடியாது. பலர் இருபத்தைந்து இருபத்தைந்து ரூபாயாகச் சேர்த்தால் முடியும். கப்பல் வாங்கும் பொருட்டு அவர் வந்ததும் இதே பம்பாய்க்குத்தான். பங்கு என்ற சொல்லுக்கு அன்று உண்மையான பொருள் இருந்தது: அந்த 25 ரூபாய் கப்பலாயிற்று.

அதே சிதம்பரனார்தாம் 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைக்க வழி செய்தார். பங்கு விற்றவரும் தொழிலாளர் தலைவரும் ஒருவரே. முதலீட்டாளனின் நலமும் உழைப்பாளியின் நலமும் என்றும் பகையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நாம் அறியோம். பின்னர் அவர் சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனியும் கலைக்கப்பட்டது. பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தனர் என்பது உண்மை. ஆயினும் அவர்கள் சூதாடி இழக்கவில்லை; ஒரு முயற்சியில் பங்கு கொண்டு, அதன் தோல்வியிலும் பங்கு கொண்டனர்.

ஆகவே, பங்கு வேறு. பங்கின் விலைமீது கட்டும் பந்தயம் வேறு. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடைபெறுவதால்தான் மயக்கம் ஏற்படுகிறது. புதிதாகத் தொழில் தொடங்கும் கம்பெனி நம்மிடம் நேரே பங்கு விற்கும்போது நம் பணம் இயந்திரமாகிறது, வேலைவாய்ப்பாகிறது. பின்னர் அப்பங்கு கைமாறும்போது, பணம் விற்றவருக்குச் செல்லுமேயன்றித் தொழிற்சாலைக்கு ஒரு காசும் செல்வதில்லை. எனினும் கைமாற்றும் சந்தையே இல்லையெனில், அவசரத்திற்கு விற்க முடியாத பொருளை முதலில் வாங்குவார் யார்? சந்தையின் பயன் இதுவே.

ஆனால் சந்தைக்கு உழைப்பாளியின் மேல் தனிப் பரிவு ஏதும் கிடையாது. உற்பத்தி பெருகினாலும் கம்பெனியின் இலாபம் உயரும். ஆட்குறைப்புச் செய்தாலும் உயரும். எவ்வழியில் உயர்ந்தது என்று விலைப்பலகை காட்டுவதில்லை. மும்பையின் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் 1982 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது முறைப்படி முடிவுக்கு வரவேயில்லை. காலப்போக்கில் ஆலைகளைவிட ஆலை நின்ற நிலத்திற்கே விலை மிகுந்தது. தறிகள் ஓடிய பரேல் பகுதியில் இன்று கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன; பங்குத் தரகு அலுவலகங்களும் அவற்றில் உள்ளன. நிலத்தின் உயர்வில் பங்குதாரனுக்குப் பங்கு கிடைத்தது. அங்கே வாழ்நாளெல்லாம் நூற்றவனுக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. உழைப்பாளிக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே என்பதை இது காட்டுகிறது. அந்தப் பங்கு எவ்வழியில் வர வேண்டும் என்பதே கேள்வி.

அவ்வழியைச் சர்க்காரும் தேடியது. 1964-இல் யூனிட் டிரஸ்ட் என்ற பொது நிறுவனம் பத்து ரூபாய் யூனிட்டுகளை விற்கத் தொடங்கியது. சிறுசேமிப்பாளர்களின் பணத்தை ஒன்று திரட்டி, அறிந்தவர்கள் முதலீடு செய்வது அதன் நோக்கம். பல்லாண்டுகள் அது நன்றாகவே நடந்தது. ஓய்வு பெற்றோரும் மாதச் சம்பளக்காரரும் அதை வங்கிக் கணக்கைப் போலவே நம்பினர். ஆனால் யூனிட்டின் அறிவிக்கப்பட்ட விலை வேறாகவும், அதற்குப் பின்னிருந்த பங்குகளின் உண்மை மதிப்பு வேறாகவும் ஆயின. 2001 ஜூலையில், ஆறு மாதங்களுக்கு யூனிட்டுகளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. நாடெங்கும் நடுத்தரக் குடும்பங்கள் திகைத்தன. பின்னர் 3,000 யூனிட்டுகள் வரை வைத்திருந்தோர்க்குச் சலுகை விலை தரப்பட்டது. சர்க்கார் பெயர் முன்னே நின்றால் பின்னேயுள்ள ஆபத்து மறைந்துவிடுவதில்லை என்பதே அன்று கற்ற பாடம்.

சந்தையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமே எனின், அதுவும் இயலாததாகிவிட்டது. 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின் மத்திய சர்க்கார் பணியில் சேர்ந்தோரின் ஓய்வூதியச் சேமிப்பு, ராணுவத்தினர் நீங்கலாக, சந்தையோடு பிணைக்கப்பட்டது. நாமும் அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவரே. கடைசி ஊதியத்தையொட்டி உறுதியான ஓய்வூதியம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்குப் பின், 2025 ஏப்ரலில் மாற்றுத் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. தனியார் தொழிலாளரின் வருங்கால வைப்பு நிதியும் 2015 ஆகஸ்டு முதல், புதிதாகச் சேரும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பங்குத் திட்டங்களில் இடுகிறது. தொடக்கத்தில் அது 5 விழுக்காடு. 2017-இல் 15 விழுக்காடாயிற்று. ஆகவே, ஒருநாளும் பங்கு வாங்காத அண்ணாச்சியும் தம் கடைசிப் பணியாண்டுகளில், தாம் அறியாமலே, ஓரளவு பங்கு வாங்கியவரே.

இங்குதான் காலம் என்பதன் அருமை விளங்கும். மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் எண் 1979-ஐ அடிப்படையாகக் கொண்டு நூறு எனத் தொடங்கியது. 2024-இல் எண்பதாயிரத்தைக் கடந்தது. ஆயினும் 2008 ஜனவரியில் 21,000 அளவில் இருந்த அதே எண், அவ்வாண்டு அக்டோபரில் 9,000-க்கும் கீழே விழுந்தது. பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கக் கூடியவனுக்கு அவ்வீழ்ச்சி ஒரு பழங்கதை. அந்த அக்டோபரில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டியிருந்தவனுக்கோ அது பேரிடி.

எனவே அண்ணாச்சியிடம் நாம் கூறிய முடிவு இதுதான்: உண்டு, உடுத்து, கடன் தீர்த்து, ஆபத்துக்கென ஒதுக்கியதுபோக மிஞ்சிய பணம், பல ஆண்டுகள் காத்திருக்கக் கூடிய பணம், பல தொழில்களில் பரவலாகச் சென்றால் சந்தை உழைப்பாளிக்கும் நன்மை செய்யும். திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் பள்ளிக்கட்டணத்திற்கும் வைத்த பணமோ, கடன் வாங்கிய பணமோ அங்கே சென்றால் அது தீமையே செய்யும். வேலை பார்க்கும் கம்பெனியின் பங்கிலேயே சேமிப்பு முழுவதையும் இடுவதும் தவறு. அது கவிழ்ந்தால் கூலியும் சேமிப்பும் சேர்ந்தே போகும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. ஊரில் சீட்டுப் பிடிப்பவர் யார், அவர் தந்தை யார் என்று நாலு பேரைக் கேட்டறியலாம். இங்கே கைபேசியில் வரும் யோசனைக்கு முகமுமில்லை, ஊருமில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு ஒன்று உறுத்துகிறது. ஆசை காட்டும் சொற்கள் தெளிந்த தமிழில் நிதானமாக வருகின்றன. எச்சரிக்கையோ விளம்பரத்தின் இறுதியில் மூச்சுவிடாமல் ஓடி மறைகிறது. ஒப்பந்த விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. உழைப்பாளியின் பணம் சந்தைக்குள் செல்வதை இனித் தடுக்க முடியாதெனில், அங்குள்ள ஆபத்து அவன் மொழியில், அவன் படிக்கும் வேகத்தில் சொல்லப்பட வேண்டும் என்று கேட்பது அவன் உரிமை.

எல்லாவற்றையும் கேட்டபின் அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "பட்டறையில் புதிதாக வரும் பையனுக்கு லேத்தை ஓட்டக் கற்றுக் கொடுப்பதற்கு முன்னால், அதை எப்படி நிறுத்துவது என்று காட்டுவோம், தம்பி. என் மகனுக்கு அதை யாரும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை, எனக்குத் தெரியாது."

தை மாதத்தில் நடப்பதாக இருந்த திருமணம் ஆவணிக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. மகன் பகல் வேலையோடு இரவிலும் ஒரு கிடங்கில் கணக்கு எழுதித் தந்தையிடம் மாதந்தோறும் பணம் கொடுத்து வருகிறான். அந்தப் பணம் இப்போது தங்கையின் பெயரிலேயே வங்கியில் சேர்கிறது.