ஒரு காப்பீடு, இரண்டு மீட்டர்



அமெரிக்காவில் மருத்துவக் கட்டணக் கணக்குக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். நம் பழைய செட்டுகளில் அங்கே குடியேறிய அண்ணன்மார் பலர் 65-ஐத் தாண்டிவிட்டார்கள். என்னைப் பார்த்தால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, டிடக்டபிள் கட்டியாச்சு, இனிமே எல்லாம் ஃப்ரீதானே?"

இல்லை அண்ணா!

65 வயதானவர்களுக்கு அங்கே அரசு நடத்தும் காப்பீடு மெடிகேர். 1965-ல் சட்டமானது. டிடக்டபிள் என்பது, காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நம் கையிலிருந்து போகும் தொகை. மெடிகேரில் இதற்கு இரண்டு மீட்டர் ஓடுகிறது.

டாக்டர் ஃபீஸ், ஸ்கேன் போன்றவை 'பி' பகுதி. இந்த மீட்டர் ஒவ்வொரு ஜனவரி 1-லும் பூஜ்யத்துக்கு வரும். 2026-ல் 283 டாலர். மெடிகேர் ஏற்கும் கட்டணம் 1,283 டாலர் என்று வையுங்கள். 283 கட்டியபின் மீதி ஆயிரத்தில் 20 சதவீதமும் நம்முடையதே. ஆக 483. அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. கட்டணம் லட்சம் டாலரானால் நம் பங்கு சுமார் 20,000!

ஆஸ்பத்திரியில் படுப்பது 'ஏ' பகுதி. 2026-ல் 1,736 டாலர். இது ஆண்டுக் கணக்கே அல்ல. வீடு திரும்பி, தொடர்ந்து 60 நாள் மறுபடி படுக்காமல் இருந்தால்தான் இந்த மீட்டர் பூஜ்யமாகும். பிப்ரவரியில் படுத்தவர் மார்ச்சில் திரும்பப் படுத்தால் புதிதாகக் கட்ட வேண்டாம். ஜூலையில் என்றால் மறுபடியும் 1,736.

இந்தச் சுமையைத் தாங்க 'மெடிகாப்' என்ற தனியார் துணைக் காப்பீடு உண்டு. 65 வயதாகி 'பி' பகுதி தொடங்கிய மாதத்திலிருந்து 6 மாதம், சர்க்கரை, பிரஷர் என்று காரணம் காட்டி யாரும் மறுக்க முடியாது. அதைத் தவறவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். அட்வான்டேஜ் எனப்படும் தனியார் வழித் திட்டங்களுக்கு விதிகள் வேறு. அவற்றில் ஆண்டு உச்சவரம்பு உண்டு.

நாளை அப்பா அம்மாவை அங்கே அழைத்துக்கொள்ள நினைக்கும் தம்பி தங்கைகளே, அங்கே வேலை பார்த்திராத பெற்றோர், கிரீன் கார்டோடு 5 ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி மெடிகேரில் சேரலாம். அதுவரை வேறு ஏற்பாடு வேண்டும். விசாவுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.