நெலு பூக்கும் மலை

காலையில் மலர்ந்து மாலையில் வாடும் பூக்களை யாவரும் அறிவர். ஒருமுறை பூப்பதற்காகப் பல்லாண்டு காத்திருந்து, பூத்துக் காய்த்தபின் தானே மடிந்துபோகும் செடியொன்று இலங்கையின் மலைநாட்டில் உண்டு. சிங்கள மக்கள் அதனை 'நெலு' என்பர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இதே இனத்தைச் சேர்ந்தது. மலைநிலத்துக்கே அப்பூவின் பெயரைச் சூட்டியவர் பண்டைத் தமிழர். தோட்டத் தொழிலுக்காகக் கடல் கடந்து வந்த அவர்தம் வழியினர் குடியேறிய மலைகளிலும் குறிஞ்சியின் உறவு வாழ்ந்திருந்தது வியப்பன்றோ!

ஹட்டன், நுவரெலியாத் தேயிலைச் சரிவுகளைக் கடந்து ஏறினால், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளி தோன்றும். ஐரோப்பாவின் பெருமலைகளில் ஓர் எல்லைக்கு மேல் மரம் வளர்வதில்லை. புல்லும் பூவுமே வளரும். இலங்கையின் சிகரங்கள் அத்துணை உயர்ந்தவை அல்ல. இங்கு மரங்கள் உச்சிவரை செல்கின்றன. ஆயினும் காற்றாலும் குளிராலும் குறுகிப் பாசி போர்த்து நிற்கின்றன. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. அக்குறுமரங்களின் நிழலிலேயே நெலு அடர்ந்து வளர்கிறது.

நெலுவில் பல வகைகள் உள. அவற்றுட் சில 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூப்பன. 2013ஆம் ஆண்டில் ஹோர்ட்டன் சமவெளிக் காடுகள் அவ்வாறு பூத்துப் பொலிந்தன. பூத்த காலத்தில் தேனீக்கள் மொய்க்கும். விதை முற்றியதும் காட்டுக்கோழிகள் தேடி வரும். எல்லாச் செடிகளும் ஒரே பருவத்தில் விதை சொரிவதால், உயிரினங்கள் உண்டது போக மிகுதி மண்ணில் தங்குகிறது என்பர் அறிஞர். தாய்ச்செடிகள் காய்ந்து வீழ, மழைக்குப் புது முளைகள் எழும்.

இக்காடு எஞ்சி நிற்பதற்கு வரலாறு உண்டு. காப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்ட காலத்தில், 1873இல், கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தீண்டாது விடுமாறு அரசுக்கு அறிவுரை கூறினார். எங்கும் அது முற்றாகக் கைக்கொள்ளப்படவில்லை. எனினும் உயர்ந்த காடுகள் பல பிழைத்தன. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. முகிலின் ஈரத்தைப் பற்றி மண்ணுக்குத் தரும் இக்காட்டிலிருந்து மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் செல்கிறது.

நெலு பூக்கும் ஆண்டில் மக்கள் திரள்வது இயல்பே. ஆண்டுதோறும் பூக்கும் செடியில் ஒரு கொத்தைக் கொய்தால் மறு ஆண்டு அது ஈடுசெய்துவிடும். நெலுவுக்கோ மறு ஆண்டு இல்லை. கொத்தைக் கொய்பவர் அதன் வாழ்நாட் சேமிப்பையே கொய்கிறார். ஆதலின் பாதையை விட்டு விலகாது நின்று கண்டு மகிழ்தலே முறை. பெற்றோரும் ஆசிரியரும் இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பத்து வயதிற் காணும் பூ விதையாகி மண்ணில் வீழ்ந்தாற்றான், அப்பிள்ளை இருபத்திரண்டு வயதில் மீண்டும் அம்மலையேறிப் பூவைக் காண இயலும்.