நம் காரின் ஒயிலை நாமே மாற்றுவோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் கல்லூரியின் நூறு ஆண்டு வரலாற்றை அழகாக எடுத்துரைத்தார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘ஓய்வுக்குப் பின் நான் கற்றது’ என்பதாகும். நான் கற்றது ஒரு சிறு தொழில்: என் காரின் எஞ்சின் ஒயிலை நானே மாற்றுவது. சிரிக்க விரும்புபவர்கள் சிரிக்கலாம். இந்த மண்டபத்தில் கார் ஓட்டுபவர்கள் கையை உயர்த்துங்கள் என்றால் பாதிக் கைகளாவது உயரும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும் என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இது ஏன் முக்கியம்? 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 இலேதான். அந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆகவே கையில் இருக்கும் காரைப் பேணுவது இன்று வீட்டைப் பேணுவதற்குச் சமம். இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாங்களே கார் ஓட்டிப் போகும் பழைய மாணவிகள் நம்மிடையே பலர். காரில் என்ன செய்யப்பட்டது, எதற்காகப் பணம் கொடுத்தோம் என்று தெரியாமல் பில்லை மட்டும் வாங்கி வருகிறோம். ஒரு தடவை தன் கையால் செய்தவளுக்கு, அடுத்த தடவை கராஜுக்குக் கொடுத்தாலும், எதைக் கேட்கவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

ஒயில் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். எஞ்சினுக்குள் உலோகத்தோடு உலோகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை உரசிச் செல்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது ஒயில். சூட்டை அது வாங்கிக்கொள்கிறது. கரியையும் நுண்ணிய தூளையும் தன்னோடு சுமந்து வந்து பில்டரில் விடுகிறது. ஒயில் கறுத்துப்போனால் அது கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டவேண்டாம். அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. ஆனால் சுமக்கவும் ஓர் எல்லை உண்டு. அதனால்தான் சாதாரண ஒயிலை 5,000 கிலோமீற்றரிலும், செயற்கை ஒயிலைப் பெரும்பாலும் 10,000 கிலோமீற்றர் வரையிலும் மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீற்றர் நிறையாவிட்டாலும் குறித்த மாதக் கணக்கு வந்தால் மாற்றவேண்டும். சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. உள்ளே சேரும் நீராவியும் பெற்றோலும் ஆவியாகிப் போகாமல் ஒயிலிலேயே தங்கிவிடும். ‘என் கார் அதிகம் ஓடுவதில்லை’ என்பது அதனால் சமாதானம் ஆகாது.

ஒயில் போத்தலில் 5 டபிள்யூ 30 என்பதுபோல எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன் உள்ள எண் சிறிதாகச் சிறிதாக, கடுங்குளிரிலும் ஒயில் இளகி ஓடும். ரொறன்ரோவில் இருக்கும் சகோதரிகளுக்கு அந்த எண் பெரிய விடயம். நமக்கு அவ்வளவு இல்லை. பின்னால் உள்ள எண் எஞ்சின் சூடானபின் உள்ள தடிப்பைக் காட்டும். எது உங்கள் காருக்குரியது, எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பதெல்லாம் காரோடு வந்த கைநூலில் உண்டு. சிறிய பெற்றோல் கார்களுக்கு 3 லீற்றர் அளவில் போதும். கடைக்காரர் சொல்வதைக் கேட்கும் முன் கைநூலைத் திறவுங்கள்.

இனிச் செய்முறை. எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு தம்பி. நான் செய்தேன், அவர் பக்கத்தில் நின்றார். முதல் தடவை செய்பவர்கள் தனியே செய்யவேண்டாம் என்பது என் முதலாவது வேண்டுகோள்.

இரண்டாவது, உயிரோடு சம்பந்தப்பட்டது. ஜக்கில் மட்டும் நிற்கும் காரின் கீழ் ஒருபோதும் உடம்பை விடாதீர்கள். ஜக் என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, கைப்பிறேக்கைப் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான ஸ்டாண்டுகளில் காரை இறக்கி நிறுத்தியபின்னரே கீழே போகவேண்டும். முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் இரும்புச் சாய்தளம் கிடைத்தால் இன்னும் நல்லது. மண் தரையில் இந்த வேலை வேண்டாம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் நன்றாக வடியும். கொதிசூட்டில் கையைச் சுடும். மேலே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, கீழே அகன்ற தட்டத்தை வைத்து, வடிக்கும் ஆணியைக் கழற்றவேண்டும். ஓட்டோ கியர் கார்களில் கியர் ஒயிலுக்கும் அதேபோன்ற ஆணி ஒன்று அருகில் இருக்கலாம். எது எஞ்சினுடையது என்று உறுதி செய்த பின்பே ஸ்பனரை வையுங்கள். கழன்றதும் ஒயில் நேரே கீழே விழாது, சற்று முன்னே பாய்ந்து விழும்; தட்டத்தை அதற்கேற்ப வைக்கவேண்டும். வடிந்து முடிந்ததும் ஆணிக்குப் புதிய வோஷர் போட்டுப் பூட்டுங்கள். அப்போது அந்தத் தம்பி சொன்னார்: “ரீச்சர், பலத்தைக் காட்டாதேங்கோ. புரி போனால் முழுத் தொட்டியையும் மாத்தவேணும்.” கைநூலில் சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும்.

அடுத்தது பில்டர். பழையதைக் கழற்றும்போது அதன் இறப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதியதைப் பூட்டினால் ஒயில் முழுவதும் வெளியே போய்விடும். புதிய வளையத்தில் விரலால் சிறிது புது ஒயில் பூசி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

பிறகு புனல் வைத்து, சொல்லிய அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றுங்கள். எஞ்சினை இயக்கினால் சிவப்பு ஒயில் விளக்கு சில விநாடிகளில் அணையவேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கீழே கசிவு இல்லை என்று பார்த்து, காரை மட்டத்தில் இறக்கி, சில நிமிடம் பொறுத்து, கம்பியைத் துடைத்து அளவு பாருங்கள். இரு குறிகளுக்கும் இடையே, மேற்குறியை அண்டி நிற்கவேண்டும். கூடினாலும் கெடுதிதான், சுழலும் தண்டு ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். கடைசியாகத் திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி வையுங்கள்.

இதில் உடற்பலத்துக்கு எங்கே இடம்? வாசித்தல், அளத்தல், ஒழுங்கு, துப்புரவு. இவை நான்கும் மனையியல் வகுப்பிலும் இரசாயன ஆய்வுகூடத்திலும் நமக்கு இங்கே பழக்கப்பட்டவை. மோட்டார் வண்டியும் ஆண்களின் தனிச்சொத்தாகப் பிறக்கவில்லை. 1888 ஆகஸ்ட் மாதத்தில் பேர்த்தா பென்ஸ் என்ற ஜேர்மன் பெண்மணி, கணவர் கார்ள் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில், அவருக்குச் சொல்லாமலே, இரண்டு மகன்மாருடன் மான்ஹைம் நகரிலிருந்து 100 கிலோமீற்றர் தொலைவில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். பிறேக் தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்தார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணம் ஒரு தாய் செய்தது. வழியில் வந்த பழுதையும் அவரே பார்த்தார்.

சகோதரிகளே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். காருக்குப் புது ஒயில் ஊற்றியதும் வேலை முடியவில்லை. தட்டத்தில் 3 லீற்றர் பழைய ஒயில் இருக்கிறது. அதை என்ன செய்வது?

வேலித் தூணில் பூசினால் கறையான் அரிக்காது என்பார்கள். கோடியில் ஒரு கிடங்கு வெட்டி ஊற்று என்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் மழைநீர். நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். நம் கிணற்றுக்கு மட்டுமல்ல, அயலாரின் கிணற்றுக்கும். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு ஒயில் கலந்து மக்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. பணம் வரலாம், கெட்ட கிணற்றை அதே வேகத்தில் மீட்க முடியாது. ஒரு தடவை மாற்றிய ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம்.

ஆகவே பழைய ஒயிலை, புது ஒயில் வந்த கானிலேயே ஊற்றி, இறுக மூடி, கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். பில்டரை ஓர் இரவு கவிழ்த்து வடியவிட்டு அதையும் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உள்ளூராட்சிச் சேகரிப்பு நிலையங்கள் பல இடங்களில் உண்டு. கராஜுக்குக் காரைக் கொடுப்பவர்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, பழைய ஒயிலை எங்கே விடுகிறீர்கள்?” நம்மைப்போல நூறு பேர் கேட்டால் பதில் மாறும்.

நூற்றாண்டுப் பரிசாகச் சங்கத்திடம் நான் கேட்பது சிறிது. ஒரு சோடி சாய்தளம், ஒரு சோடி ஸ்டாண்ட், ஒரு ஸ்பனர் தொகுதி, ஒரு தட்டம், மூடியுள்ள ஒரு கான். உயர்தர மாணவிகளுக்கு ஆண்டில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கித் தந்தால் கற்றுக்கொடுக்க நான் வருகிறேன். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழகுவதற்கு என் காரையே கொண்டுவருவேன்.