அண்டை வீட்டாரின் உரிமையும் சுற்றுச்சுவரின் உயரமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்ட மேடையில் சுவரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஜன்னல், மாடிப்படி, சுற்றுச்சுவர் பற்றிய மனவருத்தங்கள் பள்ளிவாசல் படியேறி வந்தவண்ணம் உள்ளன. சலாம் சொல்லிப் பழகிய இரு குடும்பங்கள் முகம் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நாம் வாளாவிருத்தல் முறையாகாது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயல்களும் ஓட்டு வீடுகளும் நிறைந்திருந்த பகுதியாகும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. வயல்கள் மனைகளாயின, வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்தது, ஒற்றை வீடு, வாடகைக்கென மூன்று மாடியாயிற்று. நேற்றுவரை கொல்லைப்புறத்தில் தலைமுடி உலர்த்திய பெண், இன்று பக்கத்து மாடியின் பார்வைக்கு அஞ்சி அறைக்குள் முடங்குகின்றாள்.

இதற்குக் குடிவந்தோரைப் பழிப்பது அநீதி. பெண் தொழிலாளர்களுக்கென வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024இல் திறக்கப்பட்டது. இன்னும் பல்லாயிரவர் நம்மவர் வீடுகளிலேயே வாடகைக்கு இருக்கின்றனர். இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் மறைவு வேண்டும். மறைவு என்பது வீட்டுக்காரருக்கு மட்டுமே உரிய சொத்தன்று.

சட்டம் என்ன சொல்கின்றது? தேசியக் கட்டட நெறித்தொகுப்பின்படி முன்புறச் சுற்றுச்சுவர், தெருவின் நடுமட்டத்திலிருந்து 1.5 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 5 அடிக்கு மேற்படலாகாது. மேற்பகுதியில் 0.9 மீட்டர் கம்பியழியாகத் திறந்திருக்குமாயின் 2.4 மீட்டர் வரை அனுமதிக்கலாம். தெருமுனை மனையில், வருகின்ற வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக, முனையிலிருந்து 10 மீட்டர் நீளத்துக்கு மூடிய சுவர் 0.75 மீட்டரே இருத்தல் வேண்டும். இது வழிகாட்டி நெறியே. நம்மைக் கட்டுப்படுத்துவது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியுமாகும். ஆகவே கொத்தனாரை அழைக்குமுன் அங்கே விசாரித்தல் நன்று.

இனி, பார்வை பற்றியது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஊர் வழக்கம் இருக்குமாயின், அயலாரின் மறைவிடம் தெரியும்படி புதிய ஜன்னல் திறத்தலாகாது என்பதை ஓர் எடுத்துக்காட்டாகவே கூறுகின்றது. 1888இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், இந்துக் குடும்பங்களுக்கிடையே எழுந்த வழக்கொன்றில், பெண்கள் புழங்கும் இடத்தை நோக்கிய தாழ்வாரமும் வாசல்களும் வழக்காற்று உரிமையை மீறுவன என ஏற்றது. ஆனால் சென்னை உயர்நீதிமன்றம் 1894இல் அத்தகைய பொது உரிமையை ஏற்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். எனினும் அது முதன்மையாக அரசை நோக்கிய உரிமை. பக்கத்து வீட்டு ஜன்னலுக்காக வழக்காடுவோருக்கு நெடுங்காலமும் பெரும்பொருளும் செலவாகும் என்பதே நடைமுறை.

நம் மார்க்க அறிஞர்களோ இதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டநூல், சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடம் தெரிவதைப் பெருந்தீங்கு என வகைப்படுத்துகின்றது. ஆயினும் ஜன்னலை அடியோடு அடைக்கச் சொல்லவில்லை. பார்வையை மறைத்தால் போதும் என்கின்றது. ஆள் உயரத்துக்கு மேலிருக்கும் ஜன்னலை, ஏணி வைத்துப் பார்ப்பார் என்று சொல்லி அடைக்கச் சொல்ல இயலாது என்கின்றது. பழமரம் ஏறுவோன் ஒவ்வொரு முறையும் அயலாருக்கு அறிவித்துவிட்டு ஏற வேண்டும் என்றும் விதிக்கின்றது. எத்துணை நடுநிலை! காற்றும் வெளிச்சமும் ஒருவருக்கு உரிமை. மறைவு மற்றவருக்கு உரிமை.

சுவரை உயர்த்தினால் தீர்ந்தது என எண்ணுவோரும் உளர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், கனமழையில் ஏறத்தாழ 20 அடி உயரச் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து, அடுத்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். நம் மானம் காக்க எழுப்பும் சுவர் அயலாரின் உயிருக்கு உலையாகலாகாது.

ஆகவே ஜமாஅத்தினருக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் இவை:

1. வீடு கட்டுமுன் வரைபடத்தை இருபுறத்து அயலாருக்கும் காட்டுக. எதிரெதிர் ஜன்னல்களைத் தவிர்த்திடுக. இயலாவிடில் ஆள் உயரத்துக்கு மேல் வைத்திடுக, அன்றேல் ஊடுருவிப் பார்க்க இயலாத கண்ணாடி பொருத்துக.

2. எல்லைச் சுவருக்குமுன் நில அளவையரைக் கொண்டு அளந்திடுக. உயர்த்துவதாயின் பொறியாளரின் ஆலோசனையோடு அடித்தளம் அமைத்து, மழைநீர் தேங்காது வெளியேற வழிவிடுக.

3. மாடி வீட்டை வாடகைக்கு விடுவோர் கைப்பிடிச் சுவரில் தட்டியேனும் அமைத்திடுக. தண்ணீர்த் தொட்டி கழுவவோ தென்னை ஏறவோ ஆள் அனுப்புமுன் அடுத்த வீட்டாருக்குக் குரல் கொடுத்திடுக.

4. கண்காணிப்புக் கேமரா நம் வாசலைக் காக்கட்டும்; அயலாரின் முற்றத்தைப் பார்க்க வேண்டாம்.

5. மனத்தாங்கல் நேரின் முதலில் நேரில் பேசுக. பின்னர் இருதரப்பும் ஏற்கும் பெரியோரை நாடுக. காவல் நிலையமும் நீதிமன்றமும் கடைசியில் இருக்கட்டும்.

அயலார் எச்சமயத்தவராயினும் இவை பொருந்தும். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்தியதால், அவர்களை வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு அவ்வுரிமை பெரியது. உத்தரம் பதிக்க அயலாருக்குத் தம் சுவரில் இடம் தர மறுக்க வேண்டாம் என்றும் அன்னார் அறிவுறுத்தியுள்ளார்கள். சுவர் பிரிப்பதற்கு மட்டுமன்று, தாங்குவதற்கும் உரியது என்பதே அதன் பொருள்.

நம் இல்லங்களில் மறைவையும், நம் தெருக்களில் இணக்கத்தையும் அல்லாஹ் நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.